வராத புலிக்கு அடிச்ச நெஞ்சு

உக்காருங்க, உக்காருங்க. ஏப்பா, வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டு இப்படி நெழலுக்கு வா. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனா நான் எப்ப பேசுறது? வாய மூடுங்க எல்லாரும். இன்ஸ்பெக்டரு டீ குடிச்சிட்டு வருவாரு. வந்ததும் மைக்குல ஒவ்வொரு பேராக் கூப்பிடுவாங்க. போயி அந்தக் கோட்டு மேல வண்டியில எட்டுப் போடணும். கால ஊணாமப் போட்டா லைசென்சு. ஊணுனா அடுத்த மாசம். அம்புட்டுதான் சங்கதி. இதுக்குப் போயி இப்படி நடுங்குறீங்களே!

இந்த ஜெரால்டு தம்பியப் பாருங்க. மெடிக்கல் ஷாப்புல நின்னு ஊருக்கே மாத்திரை குடுக்குற ஆளு. காலையிலேருந்து மூணு பாட்டில் தண்ணி குடிச்சாச்சு, இன்னும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டுதாம். அந்தா, சிவனம்மாக்கா. வீடு வீடா ஸ்கூட்டர்ல இட்லி மாவு போடுறவுங்க. வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசலை. எல்லாரும் தலைக்கு ஹெல்மெட் போடுவாங்க, அக்கா வாய்க்குப் போட்டிருக்காங்க போல.

எனக்கென்னங்க. இந்தக் கிரவுண்டுக்கு எத்தனை தடவ வந்து போயிருப்பேன்! இங்க கெடக்குற கல்லு மண்ணுக்கெல்லாம் என்னைத் தெரியும். வெக்கைதான் தாங்கலை. இந்தக் காயிதத்தால கொஞ்சம் விசிறிக்கிறேன், நீங்க கதையக் கேளுங்க. கை ஏன் வேர்க்குது, நெஞ்சு ஏன் தடதடங்குது, எல்லாத்துக்கும் காரணம் இருக்கு.

அந்தக் காலத்துல, எறும்புலேருந்து ஆனை வரைக்கும் எல்லாம் வாய் தொறந்து பேசிக்கிட்டிருந்த காலத்துல, ஒரு உசுருக்கும் உடம்புக்குள்ள பயம் கெடையாது. மானுக்கு நெஞ்சு "டொக்கு... டொக்கு..."ன்னு, கூலி பேசாத தச்சன் ஆணி அடிக்கிற மாதிரி சாவகாசமா அடிக்கும். முயலுக்கும் அப்படித்தான், மனுசனுக்கும் அப்படித்தான். தின்னா செரிக்கும், படுத்தா தூக்கம் வரும்.

அப்ப புலி வந்தா என்ன பண்ணுவாங்கங்குறீங்களா? பயப்படுறதுக்குன்னே தனியா ஒரு ஆளு போட்டிருந்தாங்க. ஊருக்கொரு காவக்காரன் இருக்குற மாதிரி, காட்டுக்கு ஒரு காவக்காரி. குருவிதான். நீட்டு நீட்டா மஞ்சக் காலு, கண்ணுக்கு முன்னால செவப்பா ஒரு துண்டு சதை, பாத்தா எப்பவும் யாரோடயோ சண்டை போட்டுட்டு வந்த மாதிரியே இருக்கும். கம்மாக்கரைப் பாறை மேல நின்னு நாலு பக்கமும் பாத்துக்கிட்டே இருக்கும். புலி வாடை வந்துச்சோ இல்லையோ, "டிட்டிட்டீ! ஓடு! ஓடு! டிட்டிட்டீ!"ன்னு கத்தும். எல்லாம் எந்திரிச்சு ஓடும். புலி தண்ணி குடிச்சிட்டுப் போனதும் ரெண்டாவது ஒரு சத்தம் குடுக்கும். மெதுவா, நீட்டி, "போ...யா...ச்சு." அம்புட்டுதான். ஓடுன மான் அப்படியே குனிஞ்சு வாயிலிருந்த புல்ல மெல்ல ஆரம்பிச்சிரும். விட்ட கடிக்குத் தொட்ட கடி. இதுக்குக் கூலியா, மொறை வச்சு ஒவ்வொருத்தர் வீட்டுலேருந்தும் காவக்காரிக்குப் புழு பூச்சி போகும்.

நல்லாத்தானே இருந்துச்சு? என்ன கொழப்பம்னா, அந்தக் குருவிக்குக் கூடு கெடையாது. வெட்டவெளித் தரையில, நாலு கூழாங்கல்ல ஒதுக்கி, கல்லு மாதிரியே நாலு முட்டை வைக்கும். முட்டை மேல உக்காந்தா பாறையில நிக்க முடியாது. பாறையில நின்னா முட்டை ஆறிப்போகும். ஒரு தடவ வச்ச நாலும் ஆறிப்போச்சு. மறுபடி வச்சுச்சு, அந்த நாலும் ஆறிப்போச்சு. இது மூணாவது ஈடு. நாலு முட்டை. இதுவும் போனா, இனிமே தனக்குப் புள்ளையே இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

ஒருநா எல்லாத்தையும் கம்மாக்கரைக்குக் கூப்பிட்டுச்சு.

"இன்னையோட எனக்கு வேலை வேணாம். ஊருக்கே நான் ஒருத்தி பயந்தது போதும். இனிமே அவுகவுக பயத்தை அவுகவுகளே பாத்துக்கங்க. நான் என் முட்டையப் பாக்கணும்."

ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியலை. எரும மாடு இருக்கே, அது எப்பவுமே புரியாத மாதிரிதான் முழிக்கும், அன்னிக்கு நெசமாவே முழிச்சுச்சு. ஆனை காதை ஆட்டிக்கிட்டே, "ஏம்மா... பயத்த... நாங்க எங்குட்டும்மா வச்சுக்குறது?"ன்னுச்சு. முயல் துள்ளிக்கிட்டு, "எனக்கு எடமே இல்லக்கா, எடமே இல்லக்கா, உள்ள பூராம் கேரட்டு"ன்னுச்சு. சரி சரி, அந்தக் காலத்துல கேரட்டு ஏதுன்னு கேக்காதீங்க, அருகம்புல்லுன்னு வச்சுக்கங்க.

குருவி எல்லாத்துக்கும் வழி பண்ணி வச்சிருந்துச்சு. ரெண்டு சரக்கு காய்ச்சி வச்சிருந்துச்சு. ஒண்ணு காரச்சாறு. மொளகு, காந்தாரி மொளகா, இஞ்சி, இன்னும் என்னென்னமோ. ஒரு சொட்டு ரத்தத்துல விழுந்தாப் போதும், நெஞ்சு தடதடன்னு அடிக்கும், மூச்சு வேகமா வாங்கும், காலுக்கு எங்கிருந்தோ பலம் வந்துரும். வாயி காஞ்சிரும், வயித்துல அரவை நின்னு போகும். பின்ன? புலி தொரத்தும்போது சோறு செரிச்சு யாருக்கு ஆகப்போகுது? ஆனா அது சீக்கிரம் வத்திரும். அதனால ரெண்டாவது சரக்கு, கஞ்சி. மெதுவா எறங்கும், ரொம்ப நேரம் நிக்கும். உடம்புல அங்கங்க சேத்து வச்சிருக்குற கொழுப்பையும் இனிப்பையும் கரைச்சு, ஓடுற காலுக்குத் தீனியா அனுப்பும்.

ரெண்டையும் குட்டிக் குட்டிச் சுருக்குப் பையில, உள்ள காரச்சாறு, அதைச் சுத்தி வெளிய கஞ்சின்னு அடைச்சு, ஆளுக்கு ரெண்டு பை. எங்க மாட்டுறது? கிட்னி மேல மாட்டிருச்சு. கறிக்கடையில ஆட்டு கிட்னியப் பாத்திருக்கீங்கல்ல? மேல குல்லா மாட்டுன மாதிரி ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதேதான்.

"அண்ணே, அது அட்ரினல். காரச்சாறுன்னு சொன்னது அட்ரினலின், கஞ்சின்னு சொன்னது கார்ட்டிசால். ஹார்மோன்ணே அதெல்லாம்."

ஜெரால்டு தம்பி, உங்க கடையில அதுக்கு அப்படிப் பேரு. குருவிக்கு இங்கிலீசு தெரியாது, அது காரச்சாறுன்னுதான் சொல்லுச்சு. தண்ணியக் குடி.

எங்க விட்டேன்? ஆங், பை. எல்லாத்தையும் வரிசையில நிக்க வச்சு ஒவ்வொருத்தருக்கா மாட்டி விட்டுச்சு. மாட்டும்போதே பை எப்பத் தொறக்கும்னு காதுல சொல்லிச்சு. "புலியப் பாத்தாத் தொறக்கும். புலி வாடை அடிச்சாத் தொறக்கும். புலி சத்தம் கேட்டாத் தொறக்கும். எப்படி மூடணும்ங்குறதை எல்லாருக்கும் மாட்டி முடிச்சப்புறம் மொத்தமாச் சொல்லித் தாரேன். அதுவரைக்கும் ஒருத்தரும் பையத் தொடப்பிடாது."

வரிசையில கடைசி ஆளு யாரு? நம்மாளு. மனுசன். லேட்டாத்தான் வந்தான், ஆனா நின்ன நேரம் பூராம் வாயி ஓயலை. அவன் மொறை வந்துச்சு.

"ஏத்தா, புலி வரலைன்னா?"

"வரலைன்னாத் தொறக்காதுப்பா."

"நாளைக்கு வர்றதா இருந்தா?"

"நாளைக்கு வரும்போது தொறக்கும்."

"போன வருசம் ஒரு புலி வந்துச்சே, எங்க சித்தப்பனத் தூக்கிட்டுப் போச்சே, அதை நெனச்சா?"

குருவிக்குத் தலை சுத்துச்சு. காட்டுல எத்தனை உசுரு இருக்கு, ஒண்ணாவது இப்படிக் கேட்டுச்சா? "போன வருசப் புலி போயிருச்சு. நாளைக்குப் புலி இன்னும் வரலை. இல்லாத புலிக்கு எதுக்குடா தொறக்கணும்? வாய மூடிக்கிட்டுத் திரும்பி நில்லு."

"அந்த மனுசன் பேரு என்னண்ணே?"

அந்தக் காலத்துல மனுசனுக்குப் பேரு ஏதுப்பா? ரேசன் கார்டா வச்சிருந்தாங்க? மனுசன், அம்புட்டுதான். ஜெரால்டு தம்பி, எடையில எடையில பேசாத. இந்தா, மைக்கு கரகரங்குது. டீக்குடி முடிஞ்சிருச்சு போல. யாரையோ கூப்பிடுறாங்க... நம்ம ஆளு இல்லை. உக்காருங்க, உக்காருங்க.

மனுசனுக்கும் பைய மாட்டியாச்சு. "எல்லாரும் இங்கனயே நில்லுங்க, முட்டைய ஒரு பெரட்டு பெரட்டிட்டு வந்து மூடுற பாடத்தைச் சொல்றேன்"னு சொல்லிட்டுக் குருவி போச்சு. நாலு எட்டு தூரந்தான். எல்லாம் அசையாம நிக்குது. ஆனை நிக்குது, எரும நிக்குது, மான் கூட்டம் நிக்குது. மனுசனுக்கு மட்டும் நிக்க முடியலை. அவனுக்கு ஒரே யோசனை. "இந்தப் பை வேலை செய்யுதா? மாட்டுனது மாட்டுனாங்க, ஓட்டிப் பாத்தாங்களா? நெசப் புலி வரும்போது தொறக்காமப் போச்சுன்னா என் கதி? நாம ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம்."

புதுப் பாத்திரம் வாங்குனா தண்ணி ஊத்தி ஒழுகுதான்னு பாக்குற புத்தி இருக்குல்ல, அதுதான். புலிக்கு எங்க போறது? கண்ண இறுக்கி மூடிக்கிட்டான். மனசுக்குள்ள புலிய வரைஞ்சான். மொதல்ல கோடு கோடா முதுகு. அப்புறம் மீசை. மீசை நுனியில ஒரு சொட்டு ரத்தம். அப்புறம் சித்தப்பன் கை.

"சொருக்"குன்னு பை தொறந்துக்கிச்சு.

ஆத்தாடி! தடதடதடதட! பொறந்ததுலேருந்து டொக்கு டொக்குன்னு அடிச்ச நெஞ்சு. கை வேர்க்குது, கால் துடிக்குது, நாக்கு ஒட்டுது. கண்ணத் தொறந்து பாத்தான். எதிர்ல எரும மாடு. எடது பக்கம் ஆனை. புலி எங்க? புலியக் காணோம்.

இப்பத்தாங்க மனுசன் ஒரு கணக்குப் போட்டான் பாருங்க, அதுல கெட்டுச்சு எல்லாம். மத்த உசுரா இருந்தா "புலி இல்லை, சரி"ன்னு விட்டுருக்கும். இவன் என்ன சொன்னான்? "நெஞ்சு அடிக்குதே! புலி இருந்தாத்தானே நெஞ்சு அடிக்கும்? அப்ப புலி இருக்கணுமே! கண்ணுக்குத் தெரியலைன்னா, மறைஞ்சில்ல நிக்குது!" எனக்கே இந்த எடத்துல கொழம்பும். புலி வந்ததால நெஞ்சு அடிச்சுதா, நெஞ்சு அடிச்சதால புலி வந்துச்சா? அவனுக்கு யோசிக்க எங்க நேரம்?

"புலி! புலி! மறைஞ்சு நிக்குது! ஓடுங்க!"ன்னு தொண்ட கிழியக் கத்திட்டான்.

அம்புட்டு உசுரு நிக்குது. அம்புட்டுக்கும் புதுசா மாட்டுன பை. ஒரே நேரத்துல எல்லாப் பையும் தொறந்துக்கிச்சு. இத்தனை நாளும் குருவிதான் பயப்பட்டுச்சு, இதுக வெறுமனே காலால ஓடுச்சுக. இன்னிக்குத்தான் மொத மொதல்ல உள்ளுக்குள்ள இடி இடிக்குது. என்ன நடக்குதுன்னே தெரியலை. முயல் ஆனை கால்ல முட்டுது, ஆனை எருமையத் தள்ளுது, மான் கூட்டம் தன்னோட நெழலப் பாத்தே மெரண்டு திரும்பி ஓடுது. எங்குட்டு ஓடுதுக? வெட்டவெளித் தரைக்கு. முட்டை இருக்குற பக்கம்.

குருவி பறந்து வந்துச்சு. "போயாச்சு! போயாச்சு! ஐயோ, வரவேயில்லடா! நில்லுங்க!" யாருக்குக் கேக்குது? காதுக்குள்ள தடதடங்குற சத்தத்துல ஊரே மூழ்கிக் கெடக்கு. றெக்கைய முட்டை மேல விரிச்சு உக்காந்து பாத்துச்சு. எரும கொளம்பு வந்து றெக்கையத் தட்டி விட்டுச்சு. எந்திரிச்சு, றெக்கை ஒடிஞ்ச மாதிரி தரையில பொரண்டு பொரண்டு, "என்னப் பாருங்க, இங்குட்டு வாங்க, என்ன மிதிங்க"ன்னு கூட்டத்தை வேற பக்கம் இழுத்துச்சு. பாதி திரும்புச்சு. பாதி திரும்பலை.

தூசி அடங்குச்சு. மூணு முட்டை தரையோட தரையா கெடந்துச்சு. ஒண்ணு மட்டும், ஒரு கல்லு சந்துல உருண்டு போயி, ஒடையாம இருந்துச்சு.

ஆனைக்குக் காதாட்டக்கூடத் தோணலை. குருவி அந்த ஒத்தை முட்டைய அலகால தள்ளித் தள்ளிப் பழைய எடத்துக்குக் கொண்டாந்துச்சு. உக்காரப் போச்சு. அப்புறம் அத்தனை நெஞ்சும் தடதடங்குற சத்தம் கேட்டு நிமிந்து பாத்துச்சு. கோவம் இருக்குமா இருக்காதா? இருந்தாலும் சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல.

"வாங்க. மூடுற பாடத்தைச் சொல்றேன். ஒரே தடவதான் சொல்வேன். வாய மூடிக்கிட்டு நான் செய்யிறதைப் பாருங்க."

அலகுலேருந்து வாலு வரைக்கும் ஒரு உதறு உதறுச்சு. ஈரத்துல நனைஞ்ச நாயி உதறுமே, அப்படி. அப்புறம் ஒரு நீட்டு மூச்சு, உள்ள, வெளிய. அப்புறம் "போ...யா...ச்சு"ன்னு மனசுக்குள்ளயே, சத்தமில்லாம.

மான் உதறுச்சு. மூச்சு விட்டுச்சு. பை மூடிக்கிச்சு. குனிஞ்சு புல்லக் கடிச்சிருச்சு. முயல் உதறுச்சு, எரும உதறுச்சு. ஆனை உதறும்போது கம்மாத் தண்ணியே ஆடுச்சு. ஒவ்வொண்ணா, தல குனிஞ்சுக்கிட்டே, குருவிக்கு ஒரு புழுவ வச்சிட்டுக் கெளம்புச்சுக.

மனுசன் மட்டும் நிக்கிறான். அவன் பாடத்தைக் கேட்டானா? எங்க! குருவி உதறுன நேரம் பூராம், "ஏத்தா, நான் வேணும்னு கத்தலை. நெஞ்சு அடிச்சுச்சா, அதனாலதான். இனிமே எல்லாரும் என்னப் பத்தி என்ன நெனப்பாங்க? நாளைக்கு எரும மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"ன்னு பேசிக்கிட்டே இருந்தான். எருமையே மறந்துட்டுப் போயிருச்சு, இவன் மறக்கலை.

"உதறுடா"ன்னுச்சு குருவி.

"உதறுறேன். உதறுற நேரத்துல புலி வந்துட்டா?"

குருவி அவனை ஏற எறங்கப் பாத்துச்சு. அப்புறம் அந்த ஒத்தை முட்டை மேல உக்காந்து, றெக்கையச் சரி பண்ணிக்கிட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

"பைய மூடுற பாடம் உனக்கு, உன் வாய் மூடுற அன்னிக்கு. போ."

இந்தா, மறுபடி மைக்கு. அதே பேரைக் கூப்பிடுறாங்க. வராத ஆளை எதுக்குத்தான் விடாமக் கூப்பிடுறாங்களோ! விடுங்க, கதை முடியப்போகுது.

மனுசன் போயிப் படுத்தான். தூக்கம் இல்லை. காரச்சாறு வத்திருச்சு, ஆனா கஞ்சி சொட்டிக்கிட்டே இருக்கு. சோத்தப் பாத்தா எறங்கலை. இன்னொரு நா பாத்தா பானையோட தின்னுட்டான். ஓடுற காலுக்குன்னு கரைச்ச இனிப்பு, ஓடாத ஆளுக்கு எங்க போகும்? இடுப்பச் சுத்தி வண்டி டயரு மாதிரி உக்காந்துக்கிச்சு. தலவலி, வயித்துக் கடுப்பு. என்ன வந்துச்சுன்னு அவனுக்கே புரியலை. "புலி இல்லை, ஆனா இருக்கு. ஓடணும், ஆனா எங்குட்டு?" இதே பொலம்பல்.

விடிஞ்சா கம்மாக்கரைக்கு வந்துருவான், பாடங்கேக்க. வரும்போதே பேசிக்கிட்டு, நெஞ்சு தடதடங்க, கால் போற போக்குல நடந்து வருவான். முட்டை இருக்குற எடம் தெரியாது, தரையப் பாக்க மாட்டான். குருவிக்கு இருக்குறது ஒரே முட்டை. புலிகூட முட்டைய மிதிக்காம ஒதுங்கித்தான் போகும், இவன் வந்தாப் போச்சு. அதனால அவன் தூரத்துல தெரியும்போதே பறந்து வந்து, அவன் தலைக்கு மேல வட்டம் போட்டு, "டிட்டிட்டீ! ஆளு வாரான்! ஆளு வாரான்!"னு கத்தி அவனைத் திருப்பி அனுப்பும். இருபத்தெட்டு நாளு இப்படியே. இருபத்தொம்பதாவது நாளு முட்டை விரிஞ்சுச்சு. குஞ்சு வெளிய வந்து ஒரு உதறு உதறுச்சு. தாயி அதுக்குச் சொல்லிக் குடுத்த மொதப் பாடம் புலியப் பத்தி இல்லை, ஆளப் பத்தி.

அன்னிக்கிலேருந்துதாங்க அந்தக் குருவிக்கு ஆள்காட்டின்னு பேரு. அன்னிக்கிலேருந்துதான் மானு புலி போன மறுநிமிசம் உதறிட்டு மேயுது, மனுசனுக்கு மட்டும் போன வருசப் புலிக்கும் நாளைக்குப் புலிக்கும் சேத்து இன்னிக்கே நெஞ்சு அடிக்குது. அவன் வாயும் இன்னும் மூடுன பாடில்லை, பாடமும் வந்தபாடில்லை.

இந்தா, மைக்குல இன்னும் அதே பேருதான். என்ன, சிவனம்மாக்கா எந்திரிக்கிறாங்க? அட, ரெண்டு கையையும் உதறுறாங்களே! மூச்சு வேற இழுத்து விடுறாங்க. வாயையும் தொறக்கப் போறாங்க போல! சொல்லுங்கக்கா, சொல்லுங்க, காலையிலேருந்து காத்துக்கிட்டு இருக்கோம்.

"அந்த மனுசனுக்குப் பேரில்லைன்னீங்க. மைக்குல மூணாந் தடவையாக் கூப்பிட்டாச்சு, நீங்க விசிறிக்கிட்டிருக்கிற காயிதத்துலயும் அதே பேருதான் எழுதியிருக்கு. உதறிட்டுப் போங்க, இருளப்பண்ணே."